பழைய கட்டடம் என்றால் சிவப்பு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் டே வந்தால் போதும், எல்லாப் பத்திரிகையிலும் ஹைகோர்ட், சென்ட்ரல், எழும்பூர் ஸ்டேஷன் என்று அதே சிவப்புக் கட்டடங்கள்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹைகோர்ட் வந்தது 1892-ல், எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல். அதற்கெல்லாம் பல பத்து வருஷம் முன்னாலேயே வெள்ளை வெளேரென்று தூண் வைத்துக் கட்டிய கட்டடங்கள் நம் ஊரில் நிற்கின்றனவே, அவற்றை யார் கண்டுகொள்கிறார்கள்? 1802-ல் முடிந்த ராஜாஜி ஹால், தலைவர்கள் யாராவது காலமானால்தான் டிவியில் வருகிறது (கட்டியது என்னவோ விருந்துக்கு!). கட்டிய கோல்டிங்ஹாம் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1821-ல் திறந்த ஆண்ட்ரூஸ் சர்ச். அந்த இடம் அப்போது சதுப்பு, சாதாரண அஸ்திவாரம் போட்டால் நிற்காது. எஞ்சினியர் டி ஹாவிலண்ட் என்ன செய்தார் தெரியுமா, நம்மூரில் காலங்காலமாக உறைக்கிணறு இறக்குகிற அதே முறையில் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேலேயே கட்டடத்தை எழுப்பினார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் நீல நிறக் குவிமாடம், பொன் நட்சத்திரங்கள், சுற்றிலும் பதினாறு தூண்கள். செங்கல்லால் வளைவு கட்டுவதில் மனிதர் பைத்தியம். காவிரிக்குப் பெரிய வளைவுகளில் பாலம் கட்டலாம் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதற்காக, 1808-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே நூறடிக்கு மேல் அகலமான வளைவு ஒன்றைக் கட்டிக் காட்டினாராம். அது 1930-கள் வரை நின்றது!

அந்தக் காலத்துக் கட்டடங்களின் வெள்ளை, பெயின்ட் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நைசாக அரைத்துப் பூசி, பளிங்கு மாதிரி ஆகும்வரை தேய்த்தது. கை வைத்தால் வழவழவென்று குளிரும். இதன் மேல் சிமென்ட் பூசினால் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும். நான் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில் அப்படித்தான் ஒட்டுப்போட்டிருந்தார்கள், அந்த இடம் மட்டும் உப்பு பூத்து, தொட்டாலே உதிர்ந்தது. மராமத்துக்கு டெண்டர் விடும்போதே சுண்ணாம்புக் காரைதான் என்று எழுதிவிட்டால் என்ன?

அப்புறம் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மெட்ராஸ் டேவுக்கு ஆண்ட்ரூஸ் சர்ச் படம் ஒன்று போடுங்கள் சார். ரோட்டிலிருந்து கோபுரத்தை எடுத்தது வேண்டாம், உள்ளே அந்தக் குவிமாடத்தை எடுத்தது.

ஒரு வாசகர்,
புரசைவாக்கம், சென்னை