செல்விக்கு, அண்ணனோட கையில இருக்குற தேமல் விஷயமா

அன்புள்ள செல்வி,

உன் லெட்டரும் போட்டோவும் வந்துச்சு. பெரியவளோட பொண்ணு பள்ளிக்கூடம் சேந்தது படிச்சு மனசுக்கு நிறைவா இருந்துச்சுடி. இங்க எல்லாரும் சௌக்கியம், காட்பாடி வெயில்தான் மாடித்தோட்டத்த கருக்கிடுச்சு, கத்திரி மட்டும் தாக்குப்பிடிக்குது.

இப்ப அண்ணன் விஷயம். போட்டோவ வெச்சு எதுவும் சொல்ல முடியாது, நான் நர்ஸா இருந்தவங்கிறதால இத அழுத்தியே சொல்றேன். சாதாரண தேமல்னா லேசா சொரண்டினா மாவு மாதிரி உதிரும். படர்தாமரைன்னா ஓரம் தடிச்சு வட்டமா இருக்கும், அரிப்பு தாங்காது. வெண்புள்ளின்னா பால் வெள்ளையா இருக்கும், உணர்ச்சி நல்லாவே இருக்கும். நீ எழுதிருக்கறது என்னன்னா அரிப்பே இல்ல, அந்த எடத்துல வேர்க்கறதில்ல, முடி கொட்டிருக்கு, சூடான டம்ளர் பட்டது அவருக்கே தெரியல. கடைசி விஷயம்தான் எனக்கு கவலை. உணர்ச்சி கொறஞ்ச தேமல்னா தொழுநோய் இருக்கான்னு பாத்தே ஆகணும். அதுவா இல்லாமலும் இருக்கலாம், ஆனா அத டாக்டர் கைவெச்சு பாத்துதான் சொல்லணும், நீயோ நானோ இல்ல.

சின்னவளுக்கு வரன் பாக்குற நேரம், ஊர்ல யாருக்கும் தெரியாம மெட்ராஸ் போய் தனியார்ல காட்டிக்கலாமான்னு கேட்டிருக்க. உன் பயம் புரியுதுடி. ஆனா வேண்டாம், பக்கத்துலயே காட்டு. ஏன்னா தொழுநோயா இருந்தா ஒரு ஊசியோட முடியற வைத்தியம் இல்ல, தேமல் அஞ்சுக்குள்ள இருந்தா ஆறு மாசம், அதுக்கு மேல இருந்தாலோ நரம்பு அதிகம் பாதிச்சிருந்தாலோ பன்னெண்டு மாசம், மாசாமாசம் போய் மாத்திரை அட்டை வாங்கணும், தூரத்து ஊர்னா நாலாவது மாசம் ஏதாவது கல்யாணம் காதுகுத்து வந்து விட்டுப்போயிடும், அப்படி பாதியில நின்னவங்கள என் சர்வீஸ்ல நெறைய பாத்திருக்கேன், விரல் மடங்கினப்புறம்தான் திரும்பி வருவாங்க.

அதனால மொதல்ல உங்க ஆரம்ப சுகாதார நிலையம். மாத்திரை அங்க இலவசம், வெளிய காசு குடுத்து வாங்கவே வேண்டாம். அங்க சந்தேகமா இருந்துச்சுன்னா முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்கு எழுதிக்குடுப்பாங்க, திண்டிவனத்துலேருந்து பாண்டிச்சேரி ஜிப்மரும் எட்டாத தூரம் இல்ல. எங்க பக்கம்னா 1955லேருந்து கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, கையோ காலோ மடங்கிப்போய் ஆபரேஷன் வேணும்னாதான் அவ்வளவு தூரம் வரணும், இப்ப அந்த நிலைமை இல்ல.

அங்க என்ன செய்வாங்கன்னு அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடு, பயப்பட மாட்டார். கண்ண மூடச் சொல்லி பஞ்சாலயோ பேனா முனையாலயோ தொட்டு, தொட்ட எடத்த விரலால காட்டச் சொல்வாங்க. முழங்கை பக்கத்து நரம்பு தடிச்சிருக்கான்னு தடவிப் பாப்பாங்க. தேவைன்னா காது மடல்ல லேசா கீறி, கிருமி இருக்கான்னு பாக்க ஸ்மியர் எடுப்பாங்க. சட்டையக் கழட்டி முதுகையும் காட்டச் சொல்லு, வெக்கப்பட்டு மறைச்சா எத்தன தேமல்ங்கற கணக்கு தப்பிடும், ஆறு மாசமா பன்னெண்டு மாசமான்னு அந்தக் கணக்க வெச்சும்தான் முடிவு பண்றாங்க.

தேமலுக்குன்னு மெடிக்கல்ல வாங்கித் தடவுற டியூப இன்னைக்கே நிறுத்து. அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும், செவப்பு அடங்கின மாதிரி காட்டும், படர்தாமரையா இருந்தா உள்ளயே பரவும், டாக்டர் பாக்குறப்ப எது எதுன்னே தெரியாம பண்ணிடும். அந்த டியூபயும் கையில எடுத்துட்டு போகட்டும்.

மாத்திரை ஆரம்பிச்சா மாசத்துக்கு ஒரு தடவ போடுற மாத்திரையால ஒண்ணுக்கு செவப்பா போகும், அது ரத்தம் இல்ல. இன்னொரு மாத்திரையால தோல் கருக்கும், நிறுத்தினப்புறம் மெதுவா தெளியும். சல்ஃபா மாத்திரை ஒத்துக்காதுன்னா டாக்டர்கிட்ட சொல்லிடணும். நடுவுல தேமல் திடீர்னு செவந்து வீங்கினாலோ, நரம்பு வலிச்சாலோ, கை பலம் கொறைஞ்சாலோ அன்னைக்கே ஓடணும், மாத்திரைய மட்டும் தானா நிறுத்தக் கூடாது. அந்த நேரத்துல சீக்கிரம் குடுக்கற மருந்துதான் கைய காப்பாத்தும்.

வரன் விஷயத்துக்கு வரேன். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்கு பரப்பற சக்தி போயிடும், அதுக்கு முன்னாடியும் முக்கால்வாசிப் பேருக்கு மேல இயல்பாவே எதிர்ப்பு உண்டு. தட்டு தனி, பாய் தனின்னு ஒண்ணும் வேண்டாம். 2019ல சட்டத்துலயே தொழுநோய விவாகரத்துக்கு காரணமா காட்ற பிரிவ எடுத்துட்டாங்க. உங்க வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் ஒரு தடவ பாக்கணும்னு சொல்வாங்க, உன்னையும் சின்னவளயும் சேத்துதான், கோச்சுக்காம காட்டுங்க, புதுசா வராம தடுக்க ஒரு டோஸ் மாத்திரையும் குடுப்பாங்க. அண்ணன ஒதுக்கிவெக்கற மாதிரி பேசறவங்க யாரா இருந்தாலும் நானே வந்து பேசறேன், இதுல எனக்கு பொறுமையே கிடையாது.

திங்கக்கிழமை காலைல சீக்கிரமே போய் ஓ.பி. சீட்டு வாங்கிடுங்க. டாக்டர் சொன்னத அப்படியே எழுதி அனுப்பு, சீட்டையும் போட்டோ எடுத்துப் போடு, எந்த மருந்து எவ்ளோ நாள்னு நான் பாத்து சொல்றேன். அண்ணன் போக மாட்டேன்னு அடம் பிடிச்சா எனக்கு போன் போட்டு அவர்கிட்ட குடு.

உன்
மல்லிகா