88 ஆண்டு எடுத்த தீர்மானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த கதையைச் சொல்லும் உங்கள் சென்ற இதழ்க் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அது லிங்கனில் தொடங்கி லிங்கனிலேயே முடிந்துவிட்டதில் எனக்கு வருத்தம். பள்ளியில் நானும் பல வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன்.

லிங்கன் பிறப்பதற்கு 120 ஆண்டுகளுக்கும் முன்பே, 1688-இல், ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறையை எதிர்த்து ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நமக்கு நேரக் கூடாது என்று நாம் நினைப்பதைப் பிறருக்கு எப்படிச் செய்யலாம் என்பதுதான் அவர்கள் கேட்டது. அவர்களுடைய குவேக்கர் சபை (குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) அந்த மனுவை மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என்று மேலே மேலே அனுப்பி, கடைசியில் கிடப்பில் போட்டது. சபையில் செல்வாக்குள்ள பலரே அடிமைகளை வைத்திருந்தார்களே!

அப்புறம் வந்தவர் அதே குவேக்கர் சபையைச் சேர்ந்த பெஞ்சமின் லே. நான்கடி உயரம், கூன் முதுகு. அடிமைகள் உழைப்பில் வந்த சர்க்கரையைக்கூடத் தொடமாட்டார். 1738-இல் பர்லிங்டன் ஊரில் நடந்த குவேக்கர் ஆண்டுக் கூட்டத்துக்கு, நடுவே குடைந்த ஒரு புத்தகத்துக்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பையை ஒளித்து எடுத்துப் போனார். எல்லார் முன்னிலும் வாளால் அதைக் குத்தினார். அடிமை வைத்திருந்தவர்கள் மேல் சாறு ரத்தம்போலத் தெறித்தது. அவரை வெளியே தூக்கிப் போட்டார்கள். சபையும் அவரைக் கைவிட்டது. அவரைக் கைவிட்ட அபிங்டன் ஊர்க் குவேக்கர்கள் அவரைத் தங்களில் ஒருவராக மறுபடி ஏற்றுக்கொண்டது இந்த நூற்றாண்டில்தான்.

இன்னொரு குவேக்கரான ஜான் உல்மன் சத்தமே போடாதவர். இளம் வயதில், முதலாளி சொன்னாரே என்று ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த உறுத்தல் அவரை விடவே இல்லை. ஊர் ஊராகப் போய், அடிமை வைத்திருந்தவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். அப்படிப்பட்ட வீட்டில் தங்க நேர்ந்தால், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். இந்த இருவரில் யாரால் சபை மாறியது என்று கேட்டால், இருவராலும் என்றுதான் சொல்வேன்.

ஒருவழியாக 1776-இல், அடிமைகளை விடுவிக்காதவருக்குச் சபையில் இடமில்லை என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் தீர்மானித்தது. ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து எண்ணினால் 88 ஆண்டு.

சரி, அதோடு எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. அதே ஃபிலடெல்ஃபியாவில், ஆர்ச் தெருக் குவேக்கர் கூடத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெஞ்சு இருந்தது. சிறுமியாகத் தன் தாயோடு அதில் உட்கார்ந்திருந்த வேதனையை, ஆசிரியையான சாரா மாப்ஸ் டக்ளஸ் பின்னாளில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்த வரலாறு பற்றி அடுத்த கட்டுரை வரும்போது, அந்த மனுவோடு இந்தப் பெஞ்சையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டுக்கல்