மூன்று மாதம் கழித்து ஒரு தேதி: மேற்கு மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

பெறுநர்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர், நீலகிரி மாவட்டங்களின் நலப்பணிகள் இணை இயக்குநர்கள், அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து உங்கள் மருத்துவமனைகளில் சேர்ந்து, பிழைத்து வீடு திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி சேர்க்கக் கேட்டு இதை எழுதுகிறோம். கரையாமல் தங்கும் கட்டியால் பின்னாளில் வரும் நுரையீரல் ரத்த அழுத்த நோயை (சி.டி.இ.பி.எச்.) தவற விடாமலிருக்கவே இது. அந்த வரி: “மூன்று மாதம் கழித்து இந்தத் தேதியில் வரவும், மூச்சுத் திணறல் இல்லாவிட்டாலும் வரவும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நாங்கள் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.” ‘மூன்று மாதம் கழித்து’ என்று மட்டும் எழுதினால் யாரும் வருவதில்லை. நாள், கிழமை, எந்த ஓ.பி., எத்தனையாம் நம்பர் அறை என்று எழுதினால் வருவார்கள்.

நுரையீரலில் போய் அடைத்த கட்டியைப் பெரும்பாலோருக்கு உடலே சில வாரங்களில் கரைத்துவிடும். மாத்திரையின் வேலை புதிதாகச் சேராமல் பார்ப்பதுதான். நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு அது முழுதாகக் கரைவதில்லை. மிச்சம் நார்த்திசுவாக மாறி, போர்வெல் உப்புத் தண்ணீர் ஓடிய குழாயில் காரை பிடிப்பது போல, ரத்தக்குழாயின் உட்சுவரோடு ஒட்டிப்போகிறது. அதன் பிறகு கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியாலும் அதைக் கரைக்க முடியாது. அடைபடாத குழாய்களில் ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து அவற்றின் நுண்கிளைகளும் நாளடைவில் தடித்துப் போகின்றன. வலது இதயம் தள்ளித் தள்ளிப் பருத்து, கடைசியில் தளர்கிறது. நுரையீரல் ரத்த அழுத்த நோய்களை ஐந்து பிரிவாக வகுத்திருக்கிறார்கள், இது நான்காவது. அறுவை சிகிச்சையில் குணமாகவே வாய்ப்புள்ள பிரிவு என்பதால், இதைத் தவற விடுவது மற்றதைத் தவற விடுவதைவிடப் பெரிய இழப்பு.

தவற விடுவதற்கு நம் பக்கம் காரணங்கள் நிறைய. ‘மூச்சு வாங்குதுங்க’ என்று வருகிறவருக்கு ஏற்கெனவே ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர் என்றால் பஞ்சுத் தூசி. வயதான ஆண் என்றால் பீடி. பெண் என்றால் ரத்தசோகை. லாரி டிரைவர் என்றால் தொப்பை. பஞ்சுத் தூசி நோயில் வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் நெஞ்சு அதிகம் இறுகும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் குறைவு தெரியும். கட்டியால் வரும் நோயிலோ ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு சுத்தமாக இருக்கும், ஸ்பைரோமெட்ரி கிட்டத்தட்ட நார்மல், எக்ஸ்-ரேயிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆள் மட்டும் படியேற முடியாமல் நிற்பார். இன்ஹேலர் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அடுத்த இன்ஹேலரை எழுதாதீர்கள், எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) எழுதுங்கள். இந்நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு முன்பு கட்டி அடைத்ததாக எந்தப் பதிவும் இருப்பதில்லை. ஆகவே இது டிஸ்சார்ஜ் ஆனவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல.

மூன்றாம் மாத ஓ.பி.யில் கேள்விகள் சரியாக இருந்தாலே பாதி வேலை முடியும். “மூச்சு வாங்குதா?” என்றால் “இல்லீங்க, நல்லாருக்கறனுங்க” என்றுதான் பதில் வரும். மூச்சு வாங்கும் வேலைகளை அவர் அதற்குள் விட்டிருப்பார். எதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். சென்னிமலையில் 1320 படியும் நடந்து ஏறியவர் இப்போது பஸ்ஸில் போகிறாரா? தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள்? கூடவே, இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவற்றையும் கேளுங்கள்: மண்ணீரல் எடுத்தவரா (விபத்தோ தலசீமியாவோ), தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவரா, பேஸ்மேக்கர் வயரில் தொற்று வந்ததா, புற்றுநோய் இருந்ததா, கரு தொடர்ந்து கலைந்ததா. விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரை போட்டாரா என்பதையும் கேளுங்கள். மாமியாரோ வீட்டுக்காரரோ பக்கத்தில் நிற்கும்போது இதற்கு உண்மையான பதில் வராது.

பிறகு நடக்க வையுங்கள். 30 மீட்டர் வராண்டா, இரு முனையிலும் ஒரு நாற்காலி, ஆறு நிமிடம், விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டி, நடந்து முடிக்கையில் 88 என்று இறங்கினால் அந்த ஓ.பி. சீட்டை அன்றே எக்கோ அறைக்கு அனுப்புங்கள். மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும், மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒன்று இருப்பவர்களுக்கும் எக்கோ தேவை. மற்றவர்களுக்குக் கேள்வியும் நடையும் போதும்.

எக்கோ ரிப்போர்ட்டில் ‘மைல்டு பி.எச்.’ (லேசான நுரையீரல் ரத்த அழுத்தம்) என்று எழுதி முடித்துவிடுவது எங்களுக்குப் பெரிய மனக்குறை. எண் வேண்டும். மூவிதழ் வால்வுக் கசிவின் வேகம் நொடிக்கு 2.8 மீட்டருக்குள்ளா, 2.9 முதல் 3.4 வரையா, அதற்கு மேலா? கசிவே பிடிபடவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. வலது கீழறை இடதைவிடப் பெரிதா, நடுச்சுவர் தட்டையாகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். முதல்முறை சேர்ந்தபோது எடுத்த எக்கோவையும் தோண்டி எடுங்கள். அதுவரை நன்றாக இருந்த வலது இதயத்தால் திடீரென்று 60 மி.மீ.க்கு மேல் சிஸ்டாலிக் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. அன்றே 60ஐத் தாண்டியிருந்தால், அன்றைக்கு வந்த கட்டிக்கு முன்பே பழைய கட்டிகள் இருந்தன என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி நாங்கள் அதிகம் வலியுறுத்தும் விஷயம். எக்கோவில் சந்தேகம் வந்ததும் எல்லோரும் சி.டி. ஆஞ்சியோவுக்கு எழுதுகிறார்கள். இரவு நேரத்தில் புதுக் கட்டியைத் தேடும் பழக்கத்தில் ரிப்போர்ட் வருகிறது: ‘புதிய அடைப்பு எதுவும் இல்லை.’ ஃபைல் மூடப்படுகிறது. பழைய கட்டி, படத்தில் வெள்ளையாகத் தெரியும் சாயத்தைக் குழாயின் நடுவில் தடுத்து நிற்காது. சுவரோடு ஒருபக்கமாக ஒட்டியிருக்கும், வலைப்பின்னல் போல் குறுக்கே ஓடும், குழாய் திடீரென்று ஒடுங்கும், நுரையீரல் திட்டுத் திட்டாகத் தெரியும், மூச்சுக்குழல் தமனிகள் பெருத்திருக்கும். இவற்றைத் தேடச் சொல்லி ரேடியாலஜிக்கு எழுதாவிட்டால் கண்ணில் படாமலே போகலாம். சி.டி. நார்மல் என்பதை வைத்து இந்நோயை விலக்க முடியாது.

விலக்கக்கூடியது வி/கியூ ஸ்கேன், அதாவது நுரையீரலில் காற்றும் ரத்தமும் போகும் இடங்களைத் தனித்தனியே காட்டும் படம். டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய எம்.ஏ.ஏ. என்ற நுண்ணிய புரதத் துகள்களை, படுத்த நிலையில் நரம்பில் ஊசியாகப் போடுகிறோம். ரத்தம் போகும் இடமெல்லாம் ஒளிரும். காற்றுப் போகும் இடத்தைப் பார்க்க, அதே டெக்னீஷியம் ஏற்றிய டெக்னிகாஸ் அல்லது டி.டி.பி.ஏ. ஆவியை மூச்சில் இழுக்க வைக்கிறோம். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்று ஆப்பு வடிவத்தில் பகுதிகள் விடுபட்டிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு நுரையீரலிலும் ரத்த ஓட்டம் ஒழுங்காக இருந்தால் இந்நோய் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்; அப்போது காற்றுப் படம் எடுக்கவே தேவையில்லை. அழுத்தம் மிக அதிகமாக உள்ளவருக்குத் துகள்களின் எண்ணிக்கையை 1 முதல் 2 லட்சத்துக்குள் குறைக்க வேண்டும் என்பதை வேண்டுகோள் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

நடைமுறைச் சிக்கல் வேறு. எலும்பு, தைராய்டு ஸ்கேன் தினமும் நடக்கும் இடத்திலும் எம்.ஏ.ஏ. கிட் இருப்பதில்லை, ஒருவருக்காக ஒரு குப்பியைத் திறக்க யோசிப்பார்கள். ஒரு குப்பியில் பலருக்குப் போடலாம், ஆனால் கலந்த பிறகு சில மணி நேரம்தான் தாங்கும். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதைத் தரும் மாலிப்டினம் ஜெனரேட்டர் 66 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். எனவே ஏழு மாவட்டத்துக்கும் சேர்த்து வாரத்தில் ஒரு நாளை, ஜெனரேட்டர் புதிதாக வந்த மறுநாளை, வி/கியூ நாள் என்று குறித்து, அரசு மையத்திலோ காப்பீட்டுத் திட்டம் வழியாகத் தனியார் மையத்திலோ நடத்துங்கள். முன்பே பெயர் வாங்கினால் ஒரு கிட்டில் நாலைந்து பேரை முடிக்கலாம்.

ஸ்கேனில் தெரிந்த பிறகு வலது இதயக் கதீட்டர். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ.க்கு மேல், வெட்ஜ் அழுத்தம் (இடது இதயப் பக்கத்து அழுத்தத்தைக் காட்டுவது) 15க்குள், ரத்தக்குழாய் எதிர்ப்பு 2 வுட் யூனிட்டுக்கு மேல் இருந்தால் நோய் உறுதி. குறைந்தது மூன்று மாதம் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு எடுத்த அளவாக இருக்க வேண்டும்.

முதல் சிகிச்சை அறுவை. நெஞ்செலும்பைத் திறந்து, ஹார்ட்-லங் மெஷினில் உடலை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்தி, ஒருமுறைக்கு 20 நிமிடத்துக்கு மிகாமல், குழாயின் உட்படலத்தோடு சேர்த்து அந்த நார்த்திசுவை உரித்து எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். வெறும் கட்டியை மட்டும் இழுத்தெடுத்தால் பயன் இல்லை. சரியான அடுக்கில் உரிக்கத் தெரிந்த கை வேண்டும். அனுபவமுள்ள மையங்களில் இறப்பு 5 சதவீதத்துக்குள். சென்னையிலும் பெங்களூரிலும் செய்கிறார்கள். ‘வயசாயிடுச்சு, ஆபரேஷன் தாங்காது’ என்ற முடிவை நம் ஊர் ஓ.பி.யில் எடுக்க வேண்டாம். அந்த மையத்தின் குழு படங்களைப் பார்த்துச் சொல்லட்டும்.

கைக்கு எட்டாத நுண்கிளைகளில் அடைப்பு இருப்பவர்களுக்கு, குழாய்க்குள் பலூனை விட்டு அடைப்பை விரிக்கும் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர்கள் சீர்படுத்திய முறை இது. ஒரே நாளில் எல்லாவற்றையும் விரித்தால் நுரையீரலில் நீர் கோத்து இருமலில் ரத்தம் வரும். அதனால் சில கிளைகளாக, பல அமர்வுகளாகச் செய்வார்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் காப்பீட்டில் தனித்தனியாக முன் அனுமதி கேட்டு நாள் கடத்தாமல், மொத்தத் திட்டத்துக்கும் ஒரே அனுமதி வேண்டும்.

மூன்றாவது ரியோசிகுவாட் மாத்திரை: அறுவை இயலாதவர்களுக்கும், அறுவைக்குப் பிறகும் அழுத்தம் மிஞ்சியவர்களுக்கும். 1 மி.கி. மூன்று வேளை தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேளைக்கு 0.5 கூட்டி, 2.5 வரை. சிஸ்டாலிக் பி.பி. 95க்குக் கீழே இருந்தால் கூட்டக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு பி.பி. மெஷினோடு போகிறார்கள், இந்த ஆறு வாரமும் அவர்கள் பார்த்துச் சொன்னால் நோயாளி கோவைக்கு வர வேண்டியதில்லை. நுரையீரல் அழுத்தத்துக்கான இன்னொரு மாத்திரையான சில்டெனாபிலோடு இதைச் சேர்க்கவே கூடாது, நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டோடும் கூடாது, கர்ப்பத்திலும் கூடாது. ஸ்கேன் எடுக்காமலே சில்டெனாபில் எழுதி அனுப்புவது இன்னொரு தொல்லை. கொஞ்சம் தெம்பு வந்துவிடும், அறுவைக்குப் போக வேண்டியவர் போகாமலே நின்றுவிடுவார்.

எந்த வழியில் போனாலும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆயுள் முழுவதும். வார்ஃபரினோ அசினோகூமரோலோ என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) 2 முதல் 3. ரத்தம் எளிதில் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் இருந்தால் புதுவகை மாத்திரைகள் வேண்டாம், பழையதே. கீரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஐ.என்.ஆர். சரியும், மெட்ரோனிடசோல் கொடுத்தால் ஏறும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவை வரவழைக்கும். வால்பாறையிலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஒரு ஐ.என்.ஆர்.க்காகப் பஸ் ஏறி மலை இறங்குவது நடக்காத காரியம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் விரல்நுனி ஐ.என்.ஆர். மீட்டரும் ஸ்ட்ரிப்பும் கொடுங்கள். ஊட்டி மாதிரி 2,000 மீட்டருக்கு மேலான இடங்களில் ஆக்ஸிஜன் குறைந்து நுரையீரல் அழுத்தம் மேலும் ஏறும்; அங்கே குடியிருப்பவர்களுக்கு ஆக்ஸிஜன் தேவையா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கான அந்த வரிக்கு அரசாணை தேவையில்லை. மருத்துவக் கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். வி/கியூ நாளுக்கும் ஐ.என்.ஆர். மீட்டருக்கும் இணை இயக்குநர்கள் சேர்ந்து சென்னைக்கு எழுத வேண்டியிருக்கும். வேண்டுகோள் சீட்டின் மாதிரியும், மூன்றாம் மாத ஓ.பி.க்கான ஒருபக்கக் கேள்வித்தாளும் நாங்கள் தயாரித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டங்களில் நெஞ்சகநோய், இதயநோய், அணு மருத்துவப் பிரிவுகளில் பணிபுரிவோர்