பில் எவன்ஸ் பக்கவாத்தியக்காரர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'டோனி பென்னட் / பில் எவன்ஸ் ஆல்பம்' பற்றிய கட்டுரையில், அமெரிக்கப் பாடகர் பென்னட்டுக்கு ஜாஸ் பியானோக் கலைஞர் எவன்ஸ் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தார் என்று ஒரு வரி வந்திருக்கிறது. ஆல்பத்தின் தலைப்பிலேயே இரண்டு பெயரும் சமமாக நிற்கின்றன. உங்கள் பத்திரிகையில் அந்தச் சமம் போய்விட்டது.

பக்கவாத்தியம் தாழ்ந்த சொல் அல்ல. ஆனால் கச்சேரியில் வயலினுக்குத் துணையாகத் தம்புராவும் மிருதங்கமும் இருக்கும். 1975 ஜூனில், கலிஃபோர்னியா பெர்க்லியின் ஃபேன்டஸி ஸ்டூடியோவில் பதிவான இந்த ஒன்பது பாட்டுகளில் அடிச்சுரம் தரும் பேஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை. சுருதி, தாளம், கார்டு எனும் சுரக்கூட்டு எல்லாமே ஒரே பியானோவின் பொறுப்பு.

அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது பியானோக் கட்டைமுன் உட்கார்ந்தால் தெரியும். பேஸ் இருந்தால் சி மேஜர் செவன்த் கார்டுக்கு இடது கையில் இ, ஜி, பி, டி என்ற நாலு சுரம் பிடித்தால் போதும். அடிச்சுரமான சி-யைப் பேஸ்காரர் தந்துவிடுவார். எவன்ஸின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் பிடி அது. பேஸ் இல்லாமல் அதே நாலு கட்டையை அமுக்கினால் காதுக்கு இ மைனர் செவன்த் ஆகிவிடும், பாடுகிறவருக்குப் பிடிமானம் போய்விடும். ஆகவே கீழ் ஸ்தாயியில் சி-யை வாசித்து, பெடலை மிதித்து அதை ஒலிக்க விட்டு, கையை மேலே கொண்டுபோய் மற்ற சுரங்களைப் பிடிக்க வேண்டும். அடுத்த கார்டு விழும்போதே பெடலைத் தூக்கி உடனே மறுபடி மிதிக்க வேண்டும். தாமதித்தால் இரண்டு கார்டும் குழம்பும். முந்தினால் அடிச்சுரம் அறுந்துபோகும். பாடகர் ஒரு சொல்லை இழுத்தால் இதையெல்லாம் அவரோடு சேர்ந்தே தள்ளிப்போட வேண்டும். பாடுகிறவர்களுக்கு வாசித்துப் பழகிய கையோடுதான் இதைச் சொல்கிறேன்.

'மை ஃபூலிஷ் ஹார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி', 'சம் அதர் டைம்' மூன்றையும் 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் கிளப்பில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபேரோ, டிரம்ஸ் வாசித்த பால் மோஷனோடு எவன்ஸ் வாசித்த பதிவு இருக்கிறது. அதையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே லஃபேரோ சுமந்த அடிப்பகுதியை இங்கே எவன்ஸின் இடது கை சுமக்கிறது. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' மெட்டே எவன்ஸுடையது. 1956-இல் தனிப் பியானோவில் பதிவு செய்தார். ஜீன் லீஸ் வரிகள் எழுதியது பிறகுதான். மெட்டுப் போட்டவரையே பக்கவாத்தியம் என்று எப்படி எழுத முடிந்தது?

இது முதல் தடவையும் இல்லை. 2023 ஜூலையில் பென்னட் மறைந்தபோது உங்கள் அஞ்சலியில் அவருடைய புகழ்பெற்ற சான் பிரான்சிஸ்கோ பாட்டு இருந்தது, அவரோடு பாடிய லேடி காகா இருந்தார், எவன்ஸ் இல்லை. இருவரும் 1976-இல் பதிவு செய்த 'டுகெதர் அகெய்ன்' உங்கள் பக்கங்களில் இன்றுவரை வரவில்லை. ஜாஸ் என்றாலே சாக்ஸஃபோன் படம் போடுகிறீர்கள். சாக்ஸஃபோனே இல்லாத இந்த ஆல்பத்துக்கும் போட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. இசைக்கென்று பக்கம் ஒதுக்கும் பத்திரிகை என்பதால்தான் மனம் ஆறவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'பக்கவாத்தியமாக' என்பதை எடுத்துவிட்டு 'இணைந்து' என்று மாற்றினால் போதும்.

தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்