எங்கள் கடலுக்கு மேலே இருக்கும் ஈரத்தை அளந்து பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையத்துக்கும், ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிப் பறக்கும் கடற்படை, கடலோரக் காவல்படை விமானப் பிரிவுகளுக்கும்,

வணக்கம். மண்டபம் பக்கம் இயற்பியல் பாடம் நடத்துகிறவன், எங்கள் கடல்மேல் பறக்கும் உங்கள் விமானங்களில் சிறு ஈரப்பதச் சென்சார் பொருத்தும்படி கேட்டு எழுதுகிறேன். என்னிடம் படிக்கிறவர்களில் பலர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். வானிலை எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கனைத் தராது. டோக்கன் இல்லாமல் விசைப்படகு கரையை விட்டு நகராது, அன்றைக்கு வீட்டில் வரும்படியும் கிடையாது. எச்சரிக்கை எத்தனை துல்லியமாக வருகிறது என்பது எங்களுக்கு வயிற்றுப்பாட்டு விஷயம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையில் ஏறக்குறைய பாதி அது. தங்கச்சிமடம், பாம்பன் தெருக்களிலெல்லாம் தண்ணீர் புகுந்தது. அத்தனை தண்ணீரும் மேகமாகத் திரளுமுன் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகத்தான் காற்றில் இருந்தது. காற்றிலுள்ள நீராவியில் பெரும்பகுதி தரையிலிருந்து முதல் மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். வடகடலுக்கும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) மேலே உள்ள அந்த மூன்று கிலோமீட்டரை நேரடியாக அளக்க நமக்கு என்ன வழி இருக்கிறது?

கருவியைக் கட்டி மேலே அனுப்பும் வானிலை பலூன் காரைக்காலில் ஏறுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 190 கி.மீ. சென்னை அதைவிடத் தூரம், திருவனந்தபுரம் மலைக்கு அந்தப் பக்கம். உலக வழக்கப்படி பலூன் விடும் வேளைகளும் இரண்டுதான், நம் கடிகாரத்தில் காலை 5.30, மாலை 5.30. பாம்பன் வானிலை நிலையம் சொல்வது தரைமட்ட ஈரப்பதம். செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவிக்கு மேகம் மூடிவிட்டால் அதற்குக் கீழே எதுவும் தெரியாது. எங்கள் மாவட்டத்துக்கு டாப்ளர் ரேடார் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ரேடார் பார்ப்பது மழைத்துளியை. துளியாகுமுன் இருக்கிற ஆவி அதற்குப் புலப்படாது.

உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளத்திலிருந்தும், கடலோரக் காவல்படையின் ரோந்துக்காகவும் எங்கள் தலைக்கு மேல் விமானங்கள் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றிலாவது விலை குறைந்த ஈரப்பதச் சென்சாரைப் பொருத்தி, ஏறும்போதும் இறங்கும்போதும் கிடைக்கும் அளவீட்டை வானிலைத் துறைக்குக் கொடுங்கள். அந்த மூன்று கிலோமீட்டர் ஈரத்தைப் பொறுத்தவரை ஒரு ஏற்றம் ஒரு பலூனுக்குச் சமம், கருவியும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். யோசனை புதிதல்ல. பயணிகள் விமானங்கள் காற்றையும் வெப்பநிலையையும் அளந்து அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிறது. அவற்றில் ஈரப்பதம் அளப்பவை மிகச் சில. அமெரிக்காவில் சில விமானங்களில் லேசர் ஈரமானி இருக்கிறது. ஐரோப்பாவில் 1994-இல் தொடங்கிய மொசாயிக் திட்டமும், அதன் வழிவந்த ஐயாகோஸும் பயணிகள் விமானங்களில் மின்தேக்கி வகைச் சென்சாரையே பயன்படுத்திவருகின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சென்சார்களும் அதே தத்துவத்தில் வேலை செய்பவைதான். மெல்லிய பாலிமர் படலம் ஈரத்தை உறிஞ்சும், அதன் மின்தேக்கு திறன் மாறும்.

விலை குறைவு என்பதற்காக எதையும் அப்படியே நம்பச் சொல்லவில்லை. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்தில் காற்று சென்சார்மேல் மோதி நிற்கும்போது சுமார் மூன்றரை டிகிரி சூடாகிவிடும். காற்று சூடானால் அதே ஆவிக்கு ஈரப்பதச் சதவீதம் குறையும், அதனால் வெளியே 85 சதவீதம் இருக்கிற ஈரப்பதத்தைச் சென்சார் 70 என்று காட்டும். சென்சாரின் சொந்த வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கூடவே பதிவு செய்தால் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாம். பதிவு செய்யாவிட்டால் அந்தத் தரவால் பயனில்லை. மேகத்துக்குள் நுழைந்து நனைந்த படலம் வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் நூறையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே காற்று வளைந்து திரும்பி உள்ளே வருகிற மாதிரி குழாய் வேண்டும். கனமான துளிகள் திரும்ப முடியாமல் நேரே வெளியேறிவிடும்.

எங்கள் கடற்கரைக்கென்று இருக்கிற தொல்லை உப்பு. பள்ளிக் கூரையில் சில மாதம் கிடந்த சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் வடிகட்டி மூடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்த உப்பே ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அளவைக் கெடுக்கிறது. சோதித்துப் பார்க்கவும் உப்பே போதும். மூடியுள்ள பாட்டிலில் உப்பைச் சேறு பதத்துக்குக் கரைத்து, மேலே சென்சாரைத் தொங்கவிட்டு இறுக்கி மூடினால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் அந்த எண் பெரிதாக மாறாது. கூரையில் கிடந்த சென்சார் அதற்கு மேலே காட்டுவதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சுத்தமான சோடியம் குளோரைடு பாட்டில் ஒன்று ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும். விமானம் இறங்கியதும் சோதித்து, அந்த எண்ணையும் தரவோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.

இந்தச் சென்சாரால் முடியாத வேலையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய முப்பதாயிரம் நீர் மூலக்கூறுகள். 17 கி.மீ.க்கு மேலே, ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்கிற மேலடுக்கில், அது நாலைந்துதான். மைனஸ் 40 டிகிரியிலேயே படலம் நிதானத்துக்கு வர நிமிடக்கணக்கில் ஆகும், அதற்குள் விமானம் பல கிலோமீட்டர் போய்விடும். அந்த அளவுக்கு வறண்ட காற்றில் கருவியின் சுவரில் ஒட்டிவந்த ஈரமே பொய்க் கணக்குக் காட்டிவிடும். அங்கே, கண்ணாடியைக் குளிர்வித்து எந்த வெப்பநிலையில் பனி படிகிறது என்று பார்க்கும் உறைபனிக் கண்ணாடி ஈரமானியோ லேசர் ஈரமானியோதான் சரி. 2022 ஜனவரியில் டோங்கா எரிமலை வெடித்து ஸ்ட்ரேட்டோஸ்பியரின் ஈரத்தைப் பத்து சதவீதம் போல உயர்த்தியதை உலகம் அறிந்தது முக்கியமாகச் செயற்கைக்கோள் அளவீடுகளால்தான். மலிவு சென்சாரை அந்த உயரத்தில் சோதித்துவிட்டு, இது எதற்கும் உதவாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் கேட்பது கீழேயுள்ள மூன்று கிலோமீட்டர்.

பாதுகாப்புக் காரணம் எனக்குப் புரிகிறது. விமானம் எங்கே போனது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். உயரம், வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், எந்தக் கடல், எந்த மணி, இவ்வளவு போதும். வானிலைத் துறைக்கு உடனே போகட்டும், எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மாதம் கழித்துக் கிடைத்தாலும் சரி. வாடைக்காற்று தொடங்குமுன், செப்டம்பரிலேயே, காரைக்கால் பலூன் ஏறுகிற நேரத்தில் ஒரு விமானம் அங்கே பக்கத்தில் பறந்து இரண்டு அளவீடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எவ்வளவு பிழை, எந்த உயரம்வரை நம்பலாம் என்பது பருவமழைக்கு முன்பே தெரிந்துவிடும். பாட்டில் சோதனைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதி இயற்பியல் ஆசிரியர்