சூளையில் சங்கிலியைத் தேடாதீர்கள், நோட்டைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்குத் தோப்பு என எங்கிருந்து கொத்தடிமைக் குடும்பங்கள் மீட்கப்பட்டாலும், நாளிதழ்களில் வரும் செய்தி ஒரே அச்சில் அறுத்த கல்லைப் போலத்தான் இருக்கிறது. இத்தனை பேர் மீட்பு, அதிகாரிகள் அதிரடி, அரிசியும் போர்வையும் வழங்கல், எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு படம். உங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று கோட்டாட்சியர் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழில் அன்று மாலைக்குள் என்ன எழுதப்பட்டது, யார் யார் பெயரில் எழுதப்பட்டது என்பது மட்டும் செய்தியில் வருவதே இல்லை. மற்ற எல்லாமே அந்தக் காகிதத்தைப் பொறுத்துத்தான் நடக்கிறது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறோம்.

முதலில், நிருபர்களும் அதிகாரிகளும் கேட்கும் கேள்வி. "அடித்தார்களா? பூட்டி வைத்தார்களா?" இல்லை என்று பதில் வந்தால் இது கூலித் தகராறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அடியையும் பூட்டையும் கேட்கவில்லை. அது கேட்பது இரண்டே விஷயம். முன்பணமோ, பழைய கடனோ, சாதி வழக்கப்படியான கடமையோ ஏதாவது ஒன்று இருந்ததா? அதன் காரணமாக நான்கு உரிமைகளில் ஏதாவது ஒன்று போயிற்றா? குறைந்தபட்சக் கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமை, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை ஆகியவையே அந்த நான்கு. நான்கும் போயிருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

"கையில் செல்போன் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்வருகிறார்கள், இவர்கள் எப்படிக் கொத்தடிமை?" என்பது அடுத்த வாதம். சந்தைக்குப் போனவர் மாலையில் ஏன் திரும்பி வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. மனைவியும் பிள்ளைகளும் சூளையில் இருப்பார்கள். கல்யாணம், சாவு என்று குடும்பமே ஊருக்குப் போக வேண்டியிருந்தால் ஒருவரை ஜாமீன்போல நிறுத்திக்கொண்டுதான் மற்றவர்களை அனுப்புவார் முதலாளி. இந்தப் பழக்கம் ஒன்றே போய்வரும் உரிமை பறிபோனதற்குச் சான்று. விசாரணை அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இது ஏறுவதில்லை.

சூளையின் பூட்டு கணக்கு நோட்டில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து 60,000 ரூபாய் முன்பணம். ஆயிரம் செங்கல் அறுத்தால் 800 ரூபாய். நாளைக்கு ஆயிரம் கல், வாரத்தில் ஆறு நாள் என்றால் 4,800 ரூபாய். இதில் வாரச் செலவுக்கு 1,500 கையில் கொடுத்துவிட்டு மீதி 3,300-ஐ முன்பணத்தில் கழிப்பதாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் 19-ஆவது வாரத்தில் கடன் தீர்ந்திருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் சீசன் முடிவதற்குள் கையில் காசே மிஞ்ச வேண்டும். மிஞ்சாது. கோடை மழையில் இன்னும் சுடாத பச்சைக் கல் கரைந்தால் அது அறுத்தவர் கணக்கு. அடுக்கும்போது உடைந்ததும் அவர் கணக்கு. மண் வெட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துப் பதமாக்கும் நாளுக்கு நோட்டில் வரியே இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து முதலாளி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வாடகையும் மருந்தும் முன்பணத்தோடு சேரும். கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் 60,000 அப்படியே நிற்கும், சில சமயம் வளர்ந்தும் இருக்கும். அவர்கள் கையில் வந்தது ஆளுக்கு நாளொன்றுக்கு 125 ரூபாய்தான். நள்ளிரவு தாண்டி எழுந்து வெயில் ஏறும்வரை கல் அறுத்ததற்கான காசு இது.

இதைச் சொன்னால், "வரவு வைத்ததும் கூலிதானே" என்று ஓர் அதிகாரி கேட்பார். நோட்டு யார் கையில் இருந்தது, எழுதியவர் யார், தொழிலாளிக்கு ஒரு நகலாவது கொடுத்தார்களா என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். நோட்டில் பெண்ணின் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. கல் இருவர் அறுத்தது, கணக்கு ஒருவர் பெயரில். பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போட்டதும் அடுக்கியதும் கணக்கிலேயே வராது.

விசாரணைக்கு வருவோம். முதலாளியோ, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துவரும் மேஸ்திரியோ பார்வையில் படும் தூரத்தில் நின்றாலே போதும், "நாங்களாகத்தான் வந்தோம், நல்லாத்தான் இருக்கோம்" என்ற பதில் வந்துவிடும். தொழிலாளர்களை அங்கிருந்து முதலில் கூட்டிவந்துவிட்டுப் பிறகுதான் பேச வேண்டும். பெண்களிடம் தனியாக, பெண் அலுவலர் ஒருவரை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். "கொத்தடிமையா?" என்று கேட்பதில் பயனில்லை. கேட்கப்படுபவருக்கு அந்தச் சொல் ஒரு வசவு. யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "எதற்காகப் பணம் வாங்கினீர்கள்? எப்போது? இப்போது எவ்வளவு பாக்கி என்கிறார்கள்? நாளைக்கே வேறு சூளைக்குப் போகிறேன் என்றால் என்ன ஆகும்? கடைசியாக ஊருக்குப் போனபோது யாரை விட்டுவிட்டுப் போனீர்கள்?" என்று கேட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும். முன்பணத்துக்குச் சீட்டு காட்டு என்று தொழிலாளியை நெருக்கக் கூடாது. ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்வது இதுதான்: கட்டாய வேலை என்று தெரிந்தாலே அது முன்பணத்துக்கு ஈடாக வாங்கப்பட்டது என்று கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. சட்டத்தின் 15-ஆவது பிரிவும், கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது.

புறப்படும்போது ஆதார், ரேஷன் அட்டை, பாத்திரம், ஆடு, கோழி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்ற வேண்டும். இது அற்ப விஷயம் அல்ல. விட்டுவந்த ரேஷன் அட்டையை எடுக்கத் திரும்பிப் போனவர் மறுபடி அங்கேயே தங்கிவிடுவதுண்டு. அன்றைக்கு அங்கே இல்லாதவர்களின் பெயரையும் எழுத வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்குப் போன மகள், வேறு சூளைக்கு மாற்றிவிடப்பட்ட மகன் ஆகியோர் பட்டியலில் விடுபட்டால் பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

அடுத்து விடுதலைச் சான்றிதழ். குடும்பத் தலைவர் பெயரில் ஒன்று போட்டு, "மனைவி மற்றும் குழந்தைகள்" என்று சேர்த்து எழுதிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதனால் வரும் நட்டம் எவ்வளவு என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு மறுவாழ்வுத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநர்களுக்கும் 3 லட்சம். தொகை குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு. புருஷன், பெண்டாட்டி, வேலையில் ஈடுபடுத்தப்பட்ட இரண்டு பிள்ளைகள் என்றால் 7 லட்சம். ஒரே சான்றிதழ் என்றால் 1 லட்சத்தோடு கதை முடிந்தது. ஒரு காகிதத்தை நான்காக எழுதாத சோம்பலுக்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை 6 லட்சம் ரூபாய்.

இந்த முழுத் தொகையும் உடனே வராது. வழக்கின் போக்கோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட நிர்வாகம் கொத்தடிமை நிலையை முதல்நோக்கில் உறுதிசெய்திருந்தால், முதலாளிக்குத் தண்டனை கிடைத்த விவரம் இல்லை என்ற காரணத்துக்காக உதவித்தொகைக்கான முன்மொழிவை நிறுத்திவைக்கக் கூடாது என்று திட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கோப்புகள் நிற்கின்றன. மீட்கப்பட்ட கையோடு ஆளுக்குக் கொடுக்க வேண்டிய உடனடி உதவி வேறு. அது வழக்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் 20,000 வரை என்று இருந்து 2022-இல் 30,000 வரை என்று ஆனது. இதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் 10 லட்சம் ரூபாய் சுழல்நிதி வைத்திருக்க வேண்டும். பணம் வங்கிக் கணக்கில்தான் விழும். ஆதாரில் ஓர் எழுத்து, சான்றிதழில் ஓர் எழுத்து என்றாலே மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சான்றிதழ் தட்டச்சாகும் முன் ஆதாரைப் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்த்தால் இந்த அலைச்சல் பாதி குறையும்.

மீட்கப்படுவோரில் இருளர்கள் நிறையப் பேர். அவர்களில் பலரிடம் பழங்குடிச் சான்றிதழ் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழில் கையெழுத்திடுபவரும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான். ஒரே மேசையில் இரண்டு வேலையும் முடியலாம். முடிந்தால் வழக்கின் எடையே மாறிவிடும். 1976 சட்டத்தில் தண்டனை மூன்றாண்டு வரை, அபராதம் 2,000 ரூபாய் வரை, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வைப்பதைத் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(h) பிரிவையும் சேர்த்தால் முன்ஜாமீன் கிடையாது, விசாரிப்பவர் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ஏமாற்றியோ மிரட்டியோ அழைத்துவந்து சுரண்டியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய தண்டனைச் சட்டத்தில் மனிதக் கடத்தலுக்கான 143-ஆவது பிரிவும் பொருந்தும். ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கடத்தியிருந்தால் அதில் குறைந்தபட்சமே பத்தாண்டு. விருப்பப்பட்டுத்தான் வந்தார்கள் என்பது அந்தப் பிரிவில் செல்லாது, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் இவை விடுபடுவதற்கு அறியாமை ஒரு காரணம். தன் எல்லைக்குள் கொத்தடிமை இருந்ததாக ஒப்புக்கொண்டால் தனக்கு இழுக்கு என்று அதிகாரி நினைப்பது இன்னொரு காரணம்.

இதைவிட மோசமானது சமரசம். "முன்பணத்தில் பாதியைத் தவணையில் கொடுத்துவிடு, பிரச்சினை முடியட்டும்" என்று தொழிலாளியிடம் அரசு அலுவலகத்துக்குள்ளேயே பேசி முடிக்கிறார்கள். சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி அந்தக் கடன் இல்லாமல் போய்விட்டது. இல்லாத கடனுக்கு ஒரு ரூபாய் வாங்கினாலும் 9-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. வாங்கிக்கொடுக்கிறவர் குற்றத்துக்குத் துணை போகிறார் என்பதை அந்த மேசையில் எவராவது சொன்னால் நல்லது. தோப்பிலோ தோட்டத்திலோ வேலைக்கு ஈடாகக் கொடுத்த குடிசையிலிருந்து அவர்களை வெளியேற்றவும் முடியாது, 8-ஆவது பிரிவு தடுக்கிறது.

திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒடியா தெரிந்த ஒருவரை வைத்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். அந்த ஒருவர் சூளை மேஸ்திரியாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனை. ரயில் ஏற்றும் முன் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் சான்றிதழ் இருக்க வேண்டும். பின்னால் தபாலில் அனுப்புகிறோம் என்றால் போய்ச் சேராது.

மீட்கப்பட்டவர் மறுபடி ஏன் முன்பணம் வாங்குகிறார் என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள். வயலில் தண்ணீர், வெளியில் வேலை இல்லை, நூறு நாள் வேலை அட்டை இல்லை, பட்டா இல்லாத குடிசை ஒழுகும். அப்போது மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு வீடு தேடி வருவார், கையில் ரொக்கத்தோடு. சுழல்நிதியிலிருந்து வர வேண்டிய உடனடி உதவி அதற்கு முன்னால் வந்திருந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் நிருபர்களிடம் நாங்கள் கேட்பது சிறிய உதவி. அடுத்த முறை மீட்புச் செய்தி எழுதும்போது, எத்தனை பேருக்குத் தனித்தனிச் சான்றிதழ் கொடுத்தார்கள், எந்தெந்தப் பிரிவுகளில் வழக்கு என்று கோட்டாட்சியரிடம் கேட்டு இரண்டு வரி சேர்க்கட்டும். அதே கோட்டாட்சியரிடம் ஐப்பசி பிறப்பதற்குள் இன்னொரு முறை, உடனடி உதவி எத்தனை பேர் கணக்கில் ஏறியது என்று தொலைபேசியில் கேட்கட்டும். சூளையில் நடப்பது தெரிந்து எங்கே சொல்வது என்று தெரியாத வாசகர்கள் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதலாம். இலவச சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் இருந்தால் 1098.

இப்படிக்கு,
கொத்தடிமை மீட்பு, மறுவாழ்வுப் பணியில் உள்ள தன்னார்வலர்கள்,
திருவண்ணாமலை மாவட்டம்