திருகோணமலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு: இறாலைப் பொறுக்கி எறிந்தால் போதாது

முதலாளிமாரே, கொத்துப் போடும் அண்ணைமாரே, மேசைக்கு வரும் தம்பிமாரே,

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. இதைச் சொன்னால் நம்மூரில் கிடைக்கும் பதில், "பொறுக்கிப் போட்டுட்டுச் சாப்பிடுங்கோ, ஒண்டும் ஆகாது." கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் அதே ஃபிரைட் ரைஸ்தான் இறால் இல்லாமல் வந்தது, மேலே புதிதாக வெங்காயத்தாள் தூவி.

ஒவ்வாமையைக் கிளப்பும் இறால் புரதம் அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. இறால் வடை பொரித்த எண்ணெயில் உளுந்து வடையைப் போட்டாலும், இறால் கொத்து அடித்த தட்டிலேயே முட்டைக் கொத்து அடித்தாலும், சம்பலுக்குள் கூனி இறால் அரைபட்டிருந்தாலும் அது சாப்பாட்டில் இருக்கத்தான் செய்யும். அவ்வளவு சின்ன அளவு எல்லோரையும் படுக்கையில் போடாது, ஆனால் யாரைப் போடும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இறால் மட்டுமில்லை, கஜு, நிலக்கடலை, பசுப்பால், முட்டை, கணவாய், மாட்டிறைச்சி என்று ஆளுக்கொன்று.

சரி, உங்கள் மேசையிலேயே ஒருவருக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தடித்துக் கடிக்கும், உதடும் கண்ணும் வீங்கும். அதோடு நின்றால் பரவாயில்லை. குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றிச் சரிந்தாலோ உயிருக்கே ஆபத்து. சிலருக்குத் தோலில் ஒன்றும் தெரியாமலே இது வரும், அதனால் தொண்டையில் சாப்பாடு சிக்கிவிட்டது என்று நினைத்து முதுகில் தட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஆளைக் கிடத்திக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் காலை நீட்டி இருக்க விடுங்கள், வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் படுக்கட்டும். "கொஞ்சம் காற்றுப் படட்டும்" என்று எழுப்பி நடத்திக்கொண்டு போவதுதான் நம் ஆட்களின் பழக்கம், அதுதான் மோசம், இரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது எழும்பி நின்றால் இதயமே நின்றுபோகலாம். ஒவ்வாமைக்குப் போடும் பிரிட்டோன் குளிசை கடியைக் குறைக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது. அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது, பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், குறையாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. சாப்பிட வந்தவரிடமே அந்த ஊசி இருந்தால் தாமதிக்காமல் போட உதவுங்கள். சுகமாகிவிட்டது என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

இன்னொன்று, இது முழுக்க உங்கள் கையில் இருப்பது. சூரை சாப்பிட்டு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்தால் அது ஒவ்வாமையாகத்தான் இருக்க வேண்டுமென்றில்லை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் சேர்ந்துவிடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அந்த மீனைச் சாப்பிட்ட யாருக்கும் வரலாம். ஒரே மேசையில் நாலு பேருக்குச் சேர்ந்து வந்தால் மீன் பெட்டியைப் பாருங்கள், "அவங்களுக்கு மீன் ஒத்துக்காது" என்று சமாளிக்காமல்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. இறாலுக்குத் தனி எண்ணெய்ச் சட்டி, தனி அகப்பை. காசுப் பெட்டிக்கு மேலே 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், தெரியாவிட்டால் "தெரியாது, குசினியில கேட்டுச் சொல்லுறன்" என்றே தம்பிமார் சொல்லட்டும். அதற்காக நான் எழும்பி அடுத்த கடைக்குப் போக மாட்டேன்.